மருந்தில்லாத தோட்டா

நேற்று எங்கள் வீட்டுக் கதவுக்குத் தச்சர் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், தன் வேலையில்தான் ஏதோ குறை என்று அவர் பயந்துபோனார்.

அதே எண்ணெயைத்தான் நாங்கள் துப்பாக்கிக் கட்டைகளுக்குத் தேய்ப்போம். யுத்தத்துக்கு முன்பு பெங்களூர் கண்டோன்மெண்டில், வேட்டைத் துப்பாக்கிக் கடை ஒன்றில் விற்பனையாளனாக இருந்தேன். ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் மானுக்கு இது, கரடிக்கு அது என்று துரைமார்களுக்கே யோசனை சொல்வேன். துரைசானிகள் விளையாட வில்லும் அம்பும்கூட விற்றோம். ஒருமுறை நாண் பூட்டிக் காட்டப்போய், வில் நழுவி உதட்டைக் கிழித்துக்கொண்டேன்.

கடையின் பின்கட்டில் ரிப்பேர் பார்த்தவர் மர்பி டவுன் ஆரோக்கியசாமி அண்ணன். ஒரு துப்பாக்கியின் குறியைச் சரிசெய்தால் மூன்று குண்டு சுட்டுப் பார்த்து, ஓட்டை விழுந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கூடவே கொடுப்பார். மூன்று ஓட்டையையும் ஓரணாக் காசால் மூடிவிடலாம்.

காப்பித் தோட்டத் துரை ஒருவன் அண்ணன் சரிசெய்த துப்பாக்கியால் சுட்டுப் புலியைத் தவறவிட்டு வந்து, குறி கோணல் என்று கத்தி, அந்தக் காகிதத்தை அண்ணன் முகத்தில் எறிந்தான்.

"பேப்பர பாருங்க மொதலாளி, துப்பாக்கி சரியாத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

"தொரைங்ககிட்ட அதெல்லாம் பேச முடியுமாப்பா? நாளைலேருந்து வராத" என்றார் கடை முதலாளி.

நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதன்பிறகு வேறெந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை.

அடுத்த மாதம் அதே துரை புதுத் துப்பாக்கி வாங்க வந்தான். இலேசான ஒன்றும், சுடும்போது தோளில் ஓங்கி உதைக்கும் கனத்த ஒன்றும் எடுத்து வைத்தேன். அவனுக்கு இலேசானதுதான் சரி. வீம்புக்குக் கனத்ததைத் தூக்கினான். அல்சூருக்கு அப்பாலிருந்த மண்மேட்டில் சுட்டுப்பார்க்க நண்பர்களோடு கிளம்பினான். தோட்டா போட்டுக் கொடுக்க நான் போனேன்.

முதல் இரண்டு குண்டும் காகிதத்தின் பக்கமே போகவில்லை. "இதிலும் குறி கோணல்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விசையைச் சோதிக்க மருந்தில்லாத தோட்டா ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதைப் போட்டுக் கொடுத்தேன்.

விசையை அழுத்தினான். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். குழல்முனை ஒரு சாண் கீழே குனிந்தது. உதைக்குப் பயந்த கை அப்படித்தான் செய்யும். வெடிச்சத்தத்தில் யாருக்கும் தெரியாது, அன்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள்.

"குறியில் கோணல் இல்லை, சார்" என்றேன் என் அரைகுறை இங்கிலீஷில். அவன் முகம் சிவந்ததை இன்றைக்கும் ஆசைஆசையாக நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலமே என் வேலை போயிற்று. நான் சந்தோஷமாக மர்பி டவுனுக்கு ஓடினேன். அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது.

"அவங்க போயி நாலு நாளாச்சுப்பா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கோலார் பக்கம்னாங்க. எங்கன்னு தெரியல."

கோலாரில் இரண்டு முறை தேடினேன். அகப்படவில்லை. இப்போது அந்தக் கடையும் இல்லை, துரைகளும் இல்லை. மண்மேட்டின்மேல் வரிசையாக வீடுகள். அன்று அந்த 'டிக்'கைப் பத்துப் பேர் கேட்டார்கள். அண்ணன் கேட்கவில்லை. தனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.