பெரியப்பா அறுத்த காப்பு

போன மாதம் பெரியப்பாவுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: குடும்பம், பக்தி, பொதுச்சேவை. ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், இந்த மூன்றும் அண்ணாச்சிக்கு மூன்று கண்கள் என்றார். கூட்டம் கைதட்டப் போய், இது இரங்கல் கூட்டம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டது. நான் முன்வரிசையில் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெங்காலி அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தார். எனக்கு வந்தது சிரிப்பு. அந்த மூன்று கண்களும் ஒன்றையொன்று குத்திக்கொண்ட ஒரு காலைப்பொழுதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, அபர்தீன் பஜாரில் இரும்புக்கடை வைத்தவர். ஆணி, கம்பி, பெயின்ட், தகரம், குழாய். கடையில் நாள் முழுக்க ஹிந்தி பேசிப் பேசி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகனிடமும் ஹிந்தியில்தான் சண்டை போடுவார். சரக்கு ஏற்றிய கப்பல் தாமதமானால் படத்தை அண்ணாந்து பார்த்து, "க்யா முருகா, யே க்யா ஹை?" என்று கேட்பார். முருகனுக்கும் பழகிப்போயிருக்கும்.

குட்வில் எஸ்டேட்டில் எங்களுடையது கூட்டுக்குடும்பம். அப்பாவுக்கு அரசாங்க வேலை, அதுவும் வேறொரு தீவான கார் நிகோபாரில். அதனால் வருஷத்தில் பாதி நாள் எனக்குப் பெரியப்பாதான் அப்பா. மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்தால் எங்களுக்குத் திராட்சை வாங்கி வருவார். பிள்ளைகள் எல்லோரும் தின்று முடித்தபிறகு தட்டில் உதிர்ந்து கிடப்பதைத்தான் அவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இனி என் உயிர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால் மலேரியா வந்து மூளைக்கு ஏறிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மெயின்லாண்டுக்குக் கொண்டுபோகப் பிளேனில் இடமில்லை. பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இந்தப் பிள்ளை பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு மூன்று வருஷம் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். மருந்தும் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். அவர் சொல்லை எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்?

"நீ பெரியப்பா காவடியில பொழச்ச பிள்ள" என்று பெரியம்மா எனக்குத் தலை சீவும்போதெல்லாம் சொல்வார். நான் சோறு சிந்தினாலும் இதே பேச்சு, பரீட்சையில் கோட்டை விட்டாலும் இதே பேச்சு. முதல் இரண்டு காவடியும் முடிந்திருந்தன. அந்த வருஷம் மூன்றாவது. அதோடு என் உயிர் எனக்கே சொந்தமாகிவிடும், அப்புறம் இஷ்டத்துக்குச் சோறு சிந்தலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

காவடி எடுப்பவர்கள் கையில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய காப்புக் கயிறு இருக்கும். அதைக் கட்டிவிட்டால் துக்க வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பிணத்தைத் தொடுவது என்ற பேச்சே கிடையாது. காவடி கோயில் சேர்ந்தபின் பூசாரிதான் அதை அவிழ்ப்பார். விழாக் கமிட்டித் தலைவர் யார்? பெரியப்பா. முந்தின வருஷம் காப்புக் கட்டியபிறகு சிநேகிதன் சாவுக்குப் போய்வந்த ஒரு மனிதரை, கோயில் வாசலில் கையைக் குறுக்கே நீட்டிக் காவடி எடுக்க விடாமல் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அந்த ஆள் நடுத்தெருவில் அழுததை நான் பார்த்தேன். பெரியப்பா மசியவில்லை.

உத்திரத்தன்று காலை. வாசலில் காவடி தயாராகிக்கொண்டிருந்தது. மயில்பீலியைக் கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் பெரியப்பா. கட்டிங் பிளேயர், கம்பிச்சுருள், சிவப்புத் துணி எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. எனக்கு மஞ்சள் பாவாடை கட்டிவிட்டு, பால் எடுக்கச் சின்னச் சொம்பு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். சட்டையெல்லாம் சிமென்ட். பெரார்கஞ்சில் கட்டட வேலைக்காக மெயின்லாண்டிலிருந்து வந்த கொத்தனார்களில் ஒருவன். கூட வேலை பார்த்தவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார், உடல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கான்ட்ராக்டர் போனை எடுப்பதே இல்லை என்றான்.

"மத்தியானப் பிளேன்ல இடம் குடுத்திருக்காங்க அண்ணாச்சி. இந்த ஊர் ஆளு ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கணுமாம். இத வுட்டா உடம்பு தாங்காது, இங்கயே எரிச்சிடுங்கன்றாங்க. ஊர்ல அவரோட அம்மா, ஒரு வாட்டி மூஞ்சியக் காட்டிடுங்கப்பான்னு போன்ல கதறுது."

இப்படி இறந்துபோகிறவர்களை ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலையைப் பல வருஷமாகப் பெரியப்பாதான் செய்துவந்தார். பெட்டி செய்யச் சொல்வது, போலீஸில் காகிதம் வாங்குவது, ஏர்போர்ட்டில் பேசுவது, பெட்டியைத் தூக்கி விடுவது வரைக்கும். அதனால்தான் அவன் விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்திருந்தான். பெரியப்பாவின் மணிக்கட்டில் இருந்த காப்பு என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"நில்லுப்பா, ஆள் அனுப்புதேன்" என்று பெரியப்பா போனை எடுத்தார். அவருக்கு வழக்கமாக உதவுகிறவர்கள் எல்லோர் கையிலும் காப்பு. காப்புக் கட்டாதவர்களைக் கூப்பிட்டால் ஒவ்வொருவராகச் சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறிவிட்டதாகவும், அக்கரையில் பாம்பூஃபிளாட்டில் அவசர வேலை இருப்பதாகவும் சொன்னார்கள். அன்று காலை அத்தனை பேரும் உண்மையாகவே ஃபெர்ரியில் ஏறியிருந்தால் அது முங்கியிருக்கும். கமிட்டிக்காரர் ஒருவர், "காவடி முடிஞ்சு பாப்போம் அண்ணாச்சி, சாமி காரியம்" என்றார். காவடி முடியும்போது பிளேன் சென்னையில் இருக்கும்.

பெரியப்பா போனை வைத்தார். பையன் நின்ற இடத்திலேயே நின்றான். அழக்கூட இல்லை.

"ஏட்டி, அந்தக் கட்டிங் பிளேயர எடு" என்றார் பெரியப்பா என்னிடம்.

மயில்பீலிக்குத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, காப்புக் கயிற்றுக்குள் நுழைத்து, ஒரே நறுக்கு. மஞ்சள் துண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். பெரியம்மா "முருகா!" என்று கத்திக்கொண்டே வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா பாய்ந்து வந்து, என்னை இழுத்து மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள். யாரோ எனக்குக் கல்லெறிய வருவதுபோல இருந்தது அவள் பிடித்த பிடி. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் செஞ்சுட்டீங்க? பிள்ள உசுருக்கு நேந்த காப்பாச்சே! அது இவ உசுரில்லா?"

பெரியப்பா யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். "வாப்பா" என்று பையனைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

என் உயிரை அறுக்கும் பிளேயரை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! எவனோ முகம் தெரியாத கொத்தனாருக்காகப் பெரியப்பா என்னைக் கைவிட்டுவிட்டார். முருகனுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று அவர்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சாவு காய்ச்சலாக வருமா, சும்மா வருமா என்பது மட்டும் தெரியவில்லை. மயிலிறகு, பம்பரம், கலர் பென்சில் டப்பா எல்லாவற்றையும் பெரியப்பா மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, "உன்னையும் பெட்டில வச்சு பிளேன்ல அனுப்புவாங்களா?" என்று கேட்டான். நான் இங்கேதானே பிறந்தேன், என்னை எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்ததும்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பெரியப்பா திரும்பி வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வீட்டுக்குள் வராமல், பின்னால் குழாயடியில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். அம்மா தூங்கட்டும் என்று படுக்க வைத்திருந்த நான் நழுவிப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"பெரியப்பா, நான் இன்னிக்கே செத்துருவேனா?"

அவர் கையிலிருந்த சொம்பு நழுவிச் சிமென்ட் தரையில் உருண்டது. சோப்பு நுரை கண்ணில் வழிவதைக்கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் திடீரென்று கேள்வி கேட்டால் நாங்கள் விழிப்போமே, அப்படி ஒரு விழி. சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது என்று அவர் நினைத்திருந்தார் போல.

"சாக மாட்டட்டி" என்றார் கடைசியில். "நான் அவன்கிட்ட பேசிட்டேன்."

"என்ன பேசினீங்க?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

முருகனிடம் ஹிந்தியில் பேசினீர்களா, தமிழிலா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நுரையைக் கழுவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் நாங்கள் பால் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். கமிட்டித் தலைவர் கோயிலுக்குள் வரவில்லை. முந்தின வருஷம் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிய அதே இடத்தில், வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்று கும்பிட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை, தன்னைத் தானே நிறுத்திக்கொண்டார். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போனார்கள். நான் சொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ரோட்டு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அந்தப் பையன் போன் செய்தான். பெட்டி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று. பெரியப்பா "சரிப்பா" என்றார், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவரே, தான் கோயில் வாசலில் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் வீடு தேடிப் போய், அவர் கையில் முதல் காப்பைக் கட்டச் செய்தார். அதற்கப்புறம்தான் தனக்குக் கட்டிக்கொண்டார். மூன்றோடு நிற்கவில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஒவ்வொரு உத்திரத்துக்கும் எனக்காகக் காவடி எடுத்தார். நான் கல்யாணமாகிப் போனபிறகும் எடுத்தார்.

நானோ சாகவில்லை. கலர் பென்சில் டப்பாவைத் திருப்பி வாங்க ஒரு பெரிய சண்டையே போட வேண்டியிருந்தது. பெரியப்பாவைக் கொஞ்ச நாள் மன்னிக்கவில்லை. பிறகு, சாமியெல்லாம் சும்மா என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு தைரியமாக அறுத்தார் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவோடுதான் பல வருஷம் பெருமையாகத் திரிந்தேன்.

ஆனால் அந்த உத்திரத்துக்கு மறுநாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. தினமும் விடிந்ததும் பெரியப்பா நான் படுத்திருக்கும் இடத்துக்கு வந்து, குனிந்து என் நெற்றியில் கை வைப்பார். கொஞ்ச நேரம் எடுக்கவே மாட்டார். "எழுந்திரிட்டி, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பார். நான் தூக்கக் கலக்கத்தில் அந்தக் கையைத் தட்டிவிடுவேன். ஐஸ் போலச் சில்லென்று இருக்கும். இரும்புக்கடைக்காரர் கை, நாளெல்லாம் இரும்பைத் தொட்டுத் தொட்டு இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். காய்ச்சல் இல்லை என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் அவர் சாவியை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போவார் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.