அண்ணிக்குச் சாமி வந்த காலை

அண்ணி வீட்டுக் குளிர்பெட்டியில் முட்டை அடுக்கும் தட்டில்தான் இன்சுலின் பேனாக்கள் படுத்திருக்கும். தைப்பூச விரதம் தொடங்கினால் முட்டைகள் வெளியேறிவிடும். பேனாக்கள் தாராளமாகக் கால் நீட்டிக்கொள்ளும். தோ பாயோவில் இருக்கும் அந்த வீட்டில் ஒருநாள் அந்தத் தட்டில் முட்டை இல்லாததைப் பார்த்துத்தான், அண்ணி அந்த ஆண்டு பால்குடம் எடுக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

என் அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் குடம் எடுப்பதாக வேண்டுதல். அது நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் எதிர்ப்பு அண்ணனிடமிருந்துதான் வந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவள் விரதமிருந்து சிராங்கூன் சாலைக் கோவிலிலிருந்து டேங்க் ரோடு கோவில் வரை நடப்பதா, வழியில் விழுந்தால் என்ன ஆவது என்று குதித்தார். அந்த நேரத்தில் குதிக்கக்கூடாதவர் அவர்தான். அண்ணி அசைந்து கொடுக்கவில்லை. மருத்துவரிடம் போய், அன்றைய காலை ஊசியின் அளவைக் குறைத்துக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணி உயர்நிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இன்சுலினைச் சாவி என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அது வாசலில் நின்று மணி அடிக்கிற ஆள் என்பார். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிதான் அழைப்பு மணி. இன்சுலின் அதை அழுத்தினால் சேதி உள்ளே போகும். உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் கதவுகள் சுவருக்கு வந்து பொருந்தித் திறக்கும். ரத்தத்திலிருக்கும் சர்க்கரை அந்த வழியாக நுழையும். "எனக்கு மணி அடிக்குதுலா. உள்ள இருக்கறவங்களுக்குத்தான் காது மந்தம். அதான் வெளியிலேருந்து கூட ஆள் அனுப்பி அடிக்க வெக்கிறேன்" என்று தன் நோயைப் பற்றியே சிரித்துக்கொண்டு சொல்வார். நடக்கும்போது மட்டும் கால் தசைகள் மணிக்குக் காத்திராமல் தாங்களாகவே கதவைத் திறந்துகொள்ளும் என்பதும் அவர் நடத்தும் பாடம்தான். பூசத்தன்று அந்தப் பாடம் அவருக்கே மறந்துபோயிற்று.

மஞ்சள் சேலையும் தலையில் குடமுமாக நின்ற அண்ணியைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கோவிலில் நல்ல கூட்டம், வரிசை நகர்ந்து புறப்படவே நேரமாகிவிட்டது. காலையில் குடித்த பாலும் ஒரு வாழைப்பழமும் அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும். குறைத்துப் போட்டாலும் ஊசி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்த கால்களும் தங்கள் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொண்டன. வழியில் தோபி காட் பகுதியை நெருங்கும்போது அண்ணிக்கு முகமெல்லாம் வியர்வை. கைகள் நடுங்கின, கண்கள் எங்கோ நிலைகுத்தின.

"சாமி வந்துருச்சு" என்றார் பின்னால் வந்த ஒரு பெண்மணி. அவ்வளவுதான். சுற்றிலும் வேல் முழக்கம் கிளம்பியது. யாரோ நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். அந்தப் பெண்மணி கைகூப்பி, தன் மகனுக்கு அடுக்குமாடி வீடு குலுக்கலில் விழுமா என்று பயபக்தியோடு குறி கேட்டார். நானும் கைகூப்பிக்கொண்டு, பதிலுக்காகத்தான் நின்றேன்.

அண்ணிக்கு நாக்குக் குழறியது. "சாமி இல்லம்மா... சுகர் எறங்குது."

அதற்குள் அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து பண்டோங் என்கிற ரோஜாப்பால் டின் ஒன்றை எடுத்தார். வழியெல்லாம் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணி தலையை ஆட்டி மறுத்தார். குடம் தலையில் ஏறிய பிறகு, பால் சாமிக்குப் போய்ச் சேரும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்பது அவர் வைராக்கியம். கால்களோ தள்ளாட ஆரம்பித்துவிட்டன.

அண்ணன் சத்தம் போடவில்லை. "எனக்காகத் தூக்குன குடம்தானே? நானே சொல்றேன். குடி" என்றார்.

அவர் குடத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் டின்னை அண்ணியின் வாயருகே வைத்தேன். ரோஜா நிறம் தாடையில் வழிய வழியக் குடித்தார். நடைபாதை ஓரமாக உட்காரவைத்தோம். குறி கேட்ட பெண்மணி முந்தானையால் விசிறிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணியின் கண்ணில் உயிர் வந்தது. பிறகு மெதுவாக நடந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சந்நிதியில் நான் அழுதுவிட்டேன்.

இப்போது அண்ணி பணி ஓய்வு பெற்றுவிட்டார். பூசத்தன்று இருவரும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறார்கள். யாராவது நடுங்கிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் கும்பிடுவார்கள். அண்ணி, காலையில் ஊசி போட்டீர்களா என்று விசாரிப்பார். அண்ணனுக்கு மட்டும் ஒரு குறை இன்னும் தீரவில்லை. விரதத்தைத் தானே கெடுத்துவிட்டோம், வேண்டுதல் நிறைவேறியதா இல்லையா என்று போன பூசத்தன்றும் முனகினார்.

அண்ணி கோப்பைகளை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "ஏங்க, ஒரு பழம் கெடைக்கலன்னு வீட்ட விட்டே போனவருங்க அவரு. ஒரு வாய் இனிப்புக்கு நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாதா?"