நாய் கடித்த பெல்ட்டும் நான் வைத்த மில்லும்

எங்கள் ஊருக்கு மாவு மில் கொண்டுவந்தவன் லோகநாதனாகிய நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை.

1974 வரை எங்கள் பெண்கள் கேழ்வரகு டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆம்பூருக்கு நடந்தார்கள். பார்த்தேன். ஆயில் இன்ஜின் வாங்கினேன், மில் வாங்கினேன். இரண்டையும் இணைக்கும் பெல்ட்டை மட்டும் மெட்ராஸில் வாங்கச் சொன்னார்கள். ஊரெல்லாம் தோல் காயும் சீமையில் பிறந்தவன் தோலுக்கு மெட்ராஸ் போவானா? தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த என் தோஸ்த் அப்துல் கஃபாரிடம் சொல்லி எருமைத்தோலில் தைத்து வாங்கினேன். விறைக்காமல் இருக்க ஆட்டுக்கொழுப்பை உருக்கித் தடவியது என் சொந்த மூளை.

திறப்பு நாளன்று கோவிந்தம்மாள் முதல் டின்னோடு வந்தாள். அவள் அரைக்கிற இடத்தில்தான் ஊரே அரைக்கும். பெல்ட்டைக் கீழே வைத்து, கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடினேன். திறந்தால் பெல்ட் இல்லை.

“நாய் இழுத்துக்கினு போவுது பாரு,” என்றாள் கோவிந்தம்மாள், பஸ் வருவதைச் சொல்வதுபோல.

நானும் கஃபாரும் ஓடினோம். பாலாற்று மணலுக்குப் போவதற்குள் ஒரு நாய் நான்காகிவிட்டது. ஒரு முனையில் அவை, மறுமுனையில் நாங்கள். என் கைவலுவுக்கு நாய்களால் ஒரு முழம்தான் தின்ன முடிந்தது.

மிச்சத்தை ஒட்டித் தைத்தோம். மில்லுக்கு எட்டவில்லை.

“பாய், பெல்ட்டு கம்மியாய்டுச்சே.”

“பெல்ட்டு கம்மி இல்ல தோஸ்த். தூரம் ஜாஸ்தி,” என்றான் கஃபார். நான் சொல்ல வாயெடுத்ததுதான், முந்திக்கொண்டான்.

கோவிந்தம்மாள் டின்னைத் தூக்கினாள். “நான் ஆம்பூருக்கே போறேன்பா.”

“இரு யக்கா. மில்லு நடந்து வருது, நீ இன்னாத்துக்கு நடக்குற?”

ஆறு பேர் சேர்ந்து மில்லை இன்ஜின் பக்கம் நகர்த்தினோம். பெல்ட்டுக்காக மில் நடந்த சரித்திரம் வேறெங்கும் கிடையாது. இன்ஜின் முழங்கியது, மாவு கொட்டியது. நாலு நாயும் எதிரே வரிசையாக உட்கார்ந்து, சுற்றும் பெல்ட்டோடு தலையையும் சுழற்றின.

கோவிந்தம்மாள் மாவை விரலில் தேய்த்தாள். “நைசாத்தான் கீது. ஆனா உன் நாயிங்களுக்கு யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வந்தாள். பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். தலையில் டின், கையில் கழி. ஆயுதம் ஏந்தி வந்து மாவு அரைக்கிற அளவுக்கு ஆம்பூரில் எந்த மில்லுக்கு மவுசு இருந்தது?