கரியில் ஒட்டிய இரும்பு

கலைப்பிரியாவுக்கு முதலில் தன் மேல்தான் எரிச்சல் வந்தது. பதினான்கு வருடமாகத் திண்டிவனத்துக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். தயோசயனேட்டை ஊற்றினால் இரும்பு கலந்த கரைசல் ரத்தச் சிவப்பாகும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறாள். தன் ஆராய்ச்சித் தூளில் அதைச் செய்து பார்க்க மட்டும் ஐந்து வருடம் ஆகியிருக்கிறது!

மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையின் தோலைக் கரியாக்கி, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி வாட்டினால், இரும்பே இல்லாத அந்தக் கரிக்குக் காந்தத்தன்மை வரும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. சென்னையில் அளந்து பார்த்ததில் அபாரமாக வந்திருந்தது. 2012 ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் முனைவர் பட்டத்துக்கான பதிவு ரத்து. ‘இரும்பு இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பதற்காகத்தான் அன்று சோதித்தாள். குழாய் முழுக்கச் சிவந்துவிட்டது.

எங்கிருந்து வந்து தொலைத்தது? தூள் அள்ளுகிற ஸ்பூன்கூட பிளாஸ்டிக்தானே. அரைக்கிற அகேட் கல் கிண்ணத்தைப் பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்தாள். வாங்கிய அன்று சுற்றிய செய்தித்தாளோடு அது அப்படியே இருந்தது.

தூளை அரைத்துக் கொடுப்பவர் ஆய்வக உதவியாளர் சவுரிராயன். கூப்பிட்டுக் கேட்டாள்.

“கிண்ணம் உடைஞ்சா யாரு மேடம் பதில் சொல்றது? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கையெழுத்து என்னுது. அதான் வூட்டு இரும்பு உரல்ல இடிச்சிக்கினு வந்தேன். நல்லா கழுவித்தான் மேடம்!”

அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டு அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டவும் வாய் வரவில்லை. அவர் அரைக்கும்போது அவள்தான் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்தாளா?

ஆய்வு வழிகாட்டி ராஜாமணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

“விட்டுடும்மா. உரலைத் தேடிக்கினு யாரு வரப்போறாங்க? முப்பதாம் தேதி குடுத்துடு.”

“சார், அது கரியோட காந்தம் இல்ல சார்.”

“அப்ப உன் இஷ்டம்” என்று வைத்துவிட்டார்.

அவள் கொடுக்கவில்லை. விழுப்புரம் பாசஞ்சரில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மறுநாள் தன் கையெழுத்தைப் போட்டு அகேட் கிண்ணத்தை எடுத்து, புதுக் கரியைத் தானே அரைத்தாள். சோதனைக் குழாயில் நிறம் மாறவில்லை. தூளைச் சென்னைக்கு அனுப்பினாள். ஜூன் முப்பது போயிற்று, பதிவும் போயிற்று.

அக்டோபரில் முடிவு வந்தது. முன்பு வந்ததில் நூறில் ஒரு பங்கு. ஆனாலும் இருந்தது. இந்த முறை கரிக்கே உரியது.

சவுரிராயன் எட்டிப் பார்த்தார். “வந்துடுச்சா மேடம்?”

“வந்துடுச்சு. கொஞ்சம்தான்.”

“அப்ப நீங்க டாக்டர் ஆயிட்டீங்க!”

அவள் புதுப் பதிவுக்கான படிவத்தை எடுத்தாள். வயது நாற்பத்தொன்று என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் ‘முதலாம் ஆண்டு’ என்று எழுதும்போது பேனா அழுந்திப் பேப்பர் கிழிந்தது.