யாரையும் நீக்காத பேட்மின்டன் குழு

இந்த ஊரில் தமிழன் தனியாக இருந்துவிட முடியாது. பஜனைக் குழு, ஒரே கல்லூரியில் படித்தவர்கள் குழு, ஒரே புளோக்கில் குடியிருப்பவர்கள் குழு என்று ஏதாவது ஒன்று இழுத்துப் போட்டுக்கொள்ளும். எதிலும் சாதி கேட்கமாட்டார்கள், அவ்வளவு முற்போக்கு. "எந்தக் கம்பெனி? தனியார் கொண்டோவா, அரசாங்க எச்டிபி வீடா?" என்பதோடு சரி.

என்னுடையது சனிக்கிழமை பேட்மின்டன் குழு. ஃபேரர் பார்க்கில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, சிராங்கூன் ரோட்டில் இரண்டு மணி நேரம் தோசை தின்கிற வீரர்கள். எல்லாரும் வங்கி அல்லது ஐடி. எனக்கு வேலை போனபோது உருகிவிட்டார்கள். "இதெல்லாம் ஒண்ணுமில்ல லா, நீங்க எப்பவும் போல வாங்க," என்றார்கள். நம்பினேன். வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாத அந்த நாட்களில் எனக்கு மிச்சமிருந்தது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மயான அமைதி. கேட்டால், "கோர்ட் கிடைக்கல." நான்காவது சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்க லிட்டில் இந்தியா போனேன். தோசைக் கடையில் குழுவின் மற்ற ஏழு பேரும் வியர்வை காயாமல் உட்கார்ந்திருந்தார்கள். மட்டைப் பைகள் நாற்காலிகளில் தொங்கின. ஒருவர் மட்டும் எழுந்து, "சும்மா சாப்பிட வந்தோம் லா," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாராம்!

வேறு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் எங்களில் ஒருவர் அலுவலக வேலையை இழந்து, துவாஸில் கப்பல் பட்டறை சூப்பர்வைசராகப் போனார். தோசை தின்னும்போது அவர் வெல்டிங் கதை பேசியது எங்கள் காதுக்கு ஒத்துவரவில்லை. "ரிமூவ் பண்ணா மனசு கஷ்டப்படும். பழசை அப்படியே விட்டுட்டு, அவர் இல்லாம புதுசா ஒண்ணு தொடங்கிடலாம்," என்று யோசனை சொன்னேன். என்ன பெருந்தன்மை!

வீட்டுக்கு வந்து, அவரை விட்டுவந்த அந்தப் பழைய குழுவைத் திறந்தேன். "இந்த வாரம் உண்டா அண்ணே?" என்று எட்டு வாரம் விடாமல் கேட்டிருந்தார். ஒருவரும் பதில் போடவில்லை, நானும்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட, கூட ஆட ஆள் வேண்டுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அவருக்குத் தனியாக எழுதினேன்: "ஆடலாமா தம்பி?"

உடனே பதில் வந்தது. "ஆடலாமே! யாருங்க நீங்க? போன் மாத்தினதுல நம்பரெல்லாம் போயிடுச்சு."

பெயரைச் சொன்னேன். நீல டிக் விழுந்தது. அதோடு சரி.