மங்கலறையில் போட்ட லைட்டு

நந்தினி கோழிக்கறி தொடமாட்டாள். கோழிகள் ஒன்றையொன்று தின்பதை வருடக்கணக்காகப் பார்த்தவளுக்கு அந்தப் பந்தியில் உட்கார மனசில்லை.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் குடும்பம். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கொட்டகையில் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். கொட்டகையில் இரண்டு அறைகள். ஒன்றில் பளிச்சென்று ட்யூப்லைட். அங்கே தினமும் ரத்தம். ஒரு கோழியின் முதுகில் இறகு பிய்ந்து சிவப்பு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் ஓடிவந்து கொத்தும். அடுத்த அறையில் கறுப்புத் துணி கட்டி, அந்திநேரம் போல ஒரே ஒரு மங்கல் பல்பு. அதே இனம், அதே தீவனம், பரம சாது. ஜோதியைக் கும்பிடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இருட்டுக்குச் சாட்சி சேர்க்கிறாள் என்று தோழிகள் கிண்டலடிப்பார்கள்.

மங்கலறைக் கோழிகள் தீபம் வரும் வாரத்தின் கடைசிவரை காயமில்லாமல் இருந்தால் வேலை முடிந்தது. கெட்டால் முதலிலிருந்து. அதற்கு அப்பா பரசுராமன் இடம் தரமாட்டார். இந்த வருடத்தோடு படிப்பு போதும் என்று சொல்லிவிட்டிருந்தார்.

கார்த்திகை தீபத்தன்று காவல்காரர் சகாதேவனை நம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். அவர் அன்று விரதம். முட்டையைக்கூடத் துணியால்தான் எடுப்பார். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் நடந்து வந்து சேர்ந்தாள். மலையில் தீபம் ஏற்றியாகிவிட்டது. சகாதேவன் கேட்டருகே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மங்கலறைக் கதவிடுக்கில் வெள்ளை வெளிச்சம்.

உள்ளே ஒரு கோழியின் குடலை இன்னொன்று இழுத்துக்கொண்டு ஓடியது, பின்னால் ஒரு கூட்டம். மூலையில் ஒன்றுக்குக் கண் இருந்த இடத்தில் குழி. உமியெல்லாம் சிவப்பு. சுவரில்கூட.

"இன்னாண்ணா பண்ணீங்க?"

"தீபத்தன்னிக்கு எந்த ரூமும் இருட்டா கெடக்கக் கூடாதும்மா. அகல் வெச்சா உமியில பத்திக்கும்னு லைட்டு போட்டேன். மதியமே."

ஜாக்கிரதையான மனிதர். நெருப்பை ஒழுங்காகத்தான் தவிர்த்திருந்தார்.

லைட்டை அணைத்ததும் சந்தடி அடங்கியது. பிழைக்காதவற்றின் கழுத்தைத் திருகவேண்டியிருந்தது. அவள் திருகினாள், விரதக்காரர் கோழிகளின் கால்களைப் பிடித்துக்கொண்டார். வெளியே அரோகரா கேட்டுக்கொண்டே இருந்தது.

மிச்சமிருந்தவை ருசி கண்டுவிட்டன. மறுநாள் மங்கலிலும் கொத்தின.

பரசுராமன் பெட்டியைத் தூக்க வந்தார். ஊருக்குப் போகலாம் வா என்றார். அவள் அவரை ட்யூப்லைட் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு கோழி இன்னொன்றின் மேல் ஏறி நின்று பின்மண்டையைக் கொத்திக்கொண்டிருந்தது. கீழே கிடந்தது கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. வீட்டில் கோழி அறுத்துப் பழகியவர்தான். ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இந்த ஆராய்ச்சிய எவனாவது முடிச்சுத்தான் தொலைக்கணும்," என்றார். "நீயே முடி."

பெட்டி அங்கேயே இருந்தது.

அடுத்த கார்த்திகைக்கு மங்கலறைக் கதவு பூட்டியிருந்தது, சாவி அவள் கையில். வாசலில் அகல் விளக்கை அவளே ஏற்றிவைத்தாள். பக்கத்தில் தண்ணீர் வாளியோடு சகாதேவன் விரதத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே புதுக் கோழிகள் இருட்டில் நிம்மதியாகத் தூங்கின.