டாக்டர் கைராசியும் நான் போட்ட ஊசியும்

மெடிக்கல் அசிஸ்டென்ட் என்றால், டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, டாக்டர் வந்ததும் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். கிளினிக்கில் கால் கடுக்க நின்ற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

தொண்ணூற்றாறில் ஒரு வருஷப் பயிற்சி முடித்துவிட்டு ஆஸ்டின் டவுனில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுக்க மூன்று வருஷ அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

கைராசி

டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பார், சீட்டு எழுதுவார். ஊசி, கட்டு, பிரஷர் எல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் நான்தான். இட்லிக் கடை ராணியம்மாவுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஊசிதான் வேண்டும். வெறும் மாத்திரை கொடுத்தால், வைத்தியமே பார்க்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் வலிக்காமல் பக்குவமாகப் போட்டுவிட்டுப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கை இன்னும் அவர் இடுப்பில்தான் இருந்தது. கூட வந்த மருமகளிடம் ராணியம்மா சொன்னார்: "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லடி. எல்லாம் நம்ம டாக்டரு கைராசி!"

வெற்றுச் சீட்டு

இரண்டாம் வருஷம் டாக்டர் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இன்னொரு கிளினிக் திறந்தார். காலையில் அங்கே இருப்பார். இங்கே பதினொரு மணி வரை நானும், அவர் கையெழுத்து மட்டும் போட்டு வைத்த வெற்றுச் சீட்டுகளும். சளிக்கு எது, வயிற்றுப்போக்குக்கு எது என்று அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். யாராவது கேட்டால் டாக்டர் பூஜையில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். சனங்களும் பயபக்தியோடு காத்திருப்பார்கள்.

ஒத்துக்கொள்ளாத மருந்தை யாருக்காவது கொடுத்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். சான்றிதழ் அவர் கையில் இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டேன். கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. ஆச்சுன்னா எனக்கு ஒரு ஃபோன் பண்ணு."

வாயுப் பிடிப்பு

ஒரு காலையில் பெயிண்டர் முனிசாமியை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வாயுப் பிடிப்பு, ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் என்றார். மனிதருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் ஊசியைத் தொடவில்லை. ஆட்டோ பிடித்து, இருவரையும் ஏற்றி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். விஷயம் தெரிந்ததும் டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார், என்னைக் கேட்காமல் என் பேஷண்டை அனுப்ப நீ யார் என்று.

மூன்று வாரம் கழித்து அந்தம்மா மாலையும் பழமுமாக வந்தார். என்னைத் தாண்டி உள்ளே போய், "நேரத்துக்கு அனுப்பினீங்களே சாமி, எங்க ஊட்டுக்காரரு உசுரு தப்பிச்சுது" என்று அழுதார். டாக்டர் மாலையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அதுக்குத்தானேம்மா நாங்க இருக்கோம்."

அந்தக் காகிதம்

மூன்று வருஷம் முடிந்த மறுநாளே போய் நின்றேன். டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். டோக்கன் கொடுத்து நோயாளிகளை வரிசைப்படுத்தினாள், அறையைச் சுத்தமாக வைத்திருந்தாள், நல்ல பெண். அவ்வளவுதான். ஊசி எங்கே, கட்டு எங்கே, பிரஷர் எங்கே என்று கேட்டேன். அன்றைக்கு மெதுவாகக் கேட்கவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நான் இல்லாதப்ப நீதான் வைத்தியம் பார்த்தேன்னு எழுதிக் குடுத்தா, என் கதி என்னம்மா ஆகறது?"

நேர்முகத் தேர்வு

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னடம் கலந்த தமிழில் பேசிய ஒரு மேட்ரன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, மூணு வருஷமா டோக்கன் மட்டுமா குடுத்தீங்க?" என்றார். அடக்க முடியவில்லை. வெற்றுச் சீட்டு முதல் முனிசாமி வரை கொட்டித் தீர்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"இதுல இருக்கறது நிஜம்னா உங்களுக்கு அனுபவம் இல்ல. நீங்க சொல்றது நிஜம்னா உங்கள வேலைக்கு வெக்க எனக்கு பயம்மா."

மூன்று வருஷத்தில் நான் கற்றது இதுதான்: டாக்டர் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டும்.